ஆக்சிலேட்டர் போய்ச் சேர்ந்த இடம்

அந்தப் பழைய வேனின் ஆக்சிலேட்டரை அவள் மிதித்தாள். வேன் நகரவில்லை, மூன்று தெரு தள்ளி வீட்டுக் கட்டிலில் கிடந்த அவள் புருஷனின் வலது கால் நகர்ந்தது. நடந்தது இவ்வளவுதான். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எங்கள் ஊருக்கு ஒரு வருஷம் பிடித்தது. விஷயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் குறுக்கே வந்ததுதான் காரணம்.

வேன் புருஷனுடையது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழும்வரை அவர்தான் ஓட்டினார். தையல் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒப்பந்தம். அவர் விழுந்த பிறகு அவள் லைசென்ஸ் எடுத்து, அதே சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தாள். சமதரையில் வண்டி சமத்தாக உருளும். கம்பெனிக்குப் போகும் மேட்டில்தான், சில நாள் காலையில், பிக்கப் செத்துவிடும். இஞ்சின் ஓடும், பெடலை அடிவரை அமுக்கினாலும் முனகலுக்கு மேல் ஒரு சத்தம் வராது.

மெக்கானிக் தன் பட்டறை வாசலில் ‘இஞ்சின் டாக்டர்’ என்று பலகை மாட்டியிருந்தார். நாடி பார்க்க வேண்டும் என்று பானெட்டில் கை வைத்துக் கண்ணை மூடியவர், சூடு தாங்காமல் உடனே திறந்தார். இஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டிலைக் கழற்றி, பிடித்திருந்த கரியைக் கழுவினார். ஒரு வாரம் ஓடியது. கேபிளை மாற்றினார். இன்னொரு வாரம். “கேபிள் ஒழுங்காத்தான் இழுக்குது, சென்சார்தான் பொய் சொல்லுது” என்று சென்சாரையும் மாற்றினார். கோளாறு, சொல்லாமல் கொள்ளாமல் வரும் சம்பந்தி மாதிரி, பெட்டியோடு திரும்பி வந்தது. அப்புறம் பெரிய சர்வீஸ் சென்டரிலிருந்து டை கட்டிய நிபுணர் ஒருவர் லேப்டாப்போடு வந்து, வண்டியில் குறையே இல்லை, ஓட்டுபவரின் பாத அணுகுமுறையில்தான் குறை என்று அறிவித்தார். சரியான அணுகுமுறையைக் காட்ட அவரே ஓட்டினார். மேட்டில் நின்றது. டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு அவரும் தள்ளினார்.

இதே காலத்தில் வீட்டில் கால் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் அதைத் தன் முறையின் வெற்றி என்று ஒரு கூட்டத்தில் பேசி, சால்வையும் வாங்கிவிட்டார்.

உண்மை ஃபோனில் வெளிவந்தது. ஒரு நாள் காலையில் வேன் மேட்டில் நின்றுபோக, அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள்; அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்த நாத்தனார் எடுத்தாள்.

“அப்புறம் பேசுறேன் அண்ணி. அண்ணன் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, எந்திரிச்சே தீருவேன்னு அடம் பிடிக்கிறார்.”

“பிடிச்சுக்கோடி, விழுந்துடப் போறார்!” எரிச்சலில் பெடலை ஓங்கி மிதித்தாள். அந்தப் பக்கம் ஏதோ உருண்டது.

“ஸ்டூலை உதைச்சுட்டார் அண்ணி!”

அவள் பாதத்தை எடுத்தாள். “இப்போ?”

“இப்போ சும்மா தொங்குது.”

மறுபடி மிதித்தாள்.

“ஐயோ, என் முட்டி! நல்லா இருந்த காலத்துலகூட யார் மேலயும் கை ஓங்காத மனுஷன்!”

அவர் எழ முயலும்போது வண்டியின் வேகம் அவருக்குப் போகிறது. சும்மா இருந்தால் வண்டிக்கே திரும்புகிறது. அவள் விளக்கியதை இஞ்சின் டாக்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அவ்வளவு நீளத்துக்குக் கேபிளே வராதேம்மா” என்றார்.

கம்பெனி மேனேஜர், தான் மட்டும் தாமதமாக வந்து, வாசலில் நின்று மற்றவர்களுக்கு நேரத்தின் அருமையைப் போதிப்பவர். இன்னொரு தடவை வேன் தாமதமானால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு என்றார். அன்று சாயங்காலம் புருஷனே பேச்சை எடுத்தார்.

“அந்தப் பழைய த்ராட்டில் எத்தனை வருஷம் என் கால் சொன்னதைக் கேட்டுச்சு, அதான் இன்னும் என்னை விட மாட்டேங்குது. புதுசா மாத்திடு.”

“உங்க கால்?”

“அதை வெச்சுக்கிட்டு நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போகப் போறேன்? ஒப்பந்தம் போனா மூணு பேரும் பட்டினிதான்.”

மாற்றினாள். வேன் மேட்டில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி ஏறியது. மெக்கானிக் பழைய த்ராட்டிலுக்கு ஜிகினாத்தாள் சுற்றி, தான் குணப்படுத்திய வியாதிகளை மாட்டிவைக்கும் சுவரில் நட்டநடுவே தொங்கவிட்டார். வீட்டில் வலது கால் மரக்கட்டையானது. “வண்டி நல்லாப் போகுதா?” என்று அவர் தினமும் கேட்பார். “போகுது” என்பாள். சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

மேடு ஏறும்போதெல்லாம் ஓட்டுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, பட்டன் தைக்கும் அக்கா விசாரித்தாள். விஷயம் வெளியே வந்தது. வேன் முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. காலர் பிரிவு ஒரு பக்கம், கைப் பிரிவு ஒரு பக்கம். கடைசியில் பட்டன் அக்கா அதட்டினாள்: “கொஞ்சம் முன்னாடியே கிளம்புவோம். நின்னா இறங்கித் தள்ளுவோம். மேனேஜர் பேசுறதைக் கேட்கிறதைவிட வேன் தள்ளுறது ஒண்ணும் கஷ்டமில்லை.”

அவள் பட்டறைக்குப் போனாள். “குணமான வண்டியில வியாதியைத் திருப்பி வைக்கச் சொல்றியே, என் மரியாதை என்னம்மா ஆகும்?” என்று மெக்கானிக் தவித்தார். “டாக்டர்னு போட்டிருக்கீங்களே அண்ணே, ஒரு நோயாளிக்காகச் செய்யுங்க” என்றாள். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஜிகினாவைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். கூலி வாங்க மறந்துவிட்டார்.

அதன்பின் ஒரு ஏற்பாடு வந்தது. சமதரையில் வேன் முதல் கியரில் தானாக உருளும். அவள் பெடலை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டே போக, அவர் சுவரைப் பிடித்துக் கூடத்தில் நடப்பார். மேட்டடியில் ஃபோன் போகும்: “மேடு வருது, உட்காருங்க.” உட்காருவார்; வேன் ஏறும். எப்போதாவது மேட்டில் இழுவை குறைந்தால், “குளிக்கப் போறார் போல” என்று உள்ளே யாராவது சொல்வார்கள். மேனேஜருக்கும் பழகிவிட்டது.

ஒரு நாள் காலை ஃபோனை யாரும் எடுக்கவில்லை. வேன் பாதி மேட்டில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், பட்டன் அக்கா டயருக்குக் கல் வைத்தாள். அப்போது நாத்தனார் கூப்பிட்டாள். “அண்ணி, அண்ணனைக் காணோம்! நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள கதவு திறந்து கிடக்குது!”

அவள் இறங்கி ஓடத்தான் காலை எடுத்தாள். கண்ணாடியில், மேட்டின் கீழே, கைத்தடியோடு ஒருவர் ஆடி நின்றுபோனது தெரிந்தது. உடனே பாதத்தைப் பெடலில் வைத்தாள். மிதித்தாள், வலது கால் எழுந்து முன்னால் வந்தது. விட்டாள், ஊன்றியது. இடது காலை அவர் பார்த்துக்கொண்டார். மிதித்தாள். விட்டாள். கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையணை வியர்வையில் நனைய, அவரை அந்த மேடு முழுக்க ஏற்றிக்கொண்டு வந்தாள். ஓரமாக நின்ற கூட்டம் வழி விட்டது. கை கொடுக்கப் போன ஒருத்தியைப் பட்டன் அக்கா பிடித்து இழுத்தாள்.

அவர் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினார். டாஷ்போர்டில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

“எல்லாரும் ஏறியாச்சா?” என்றார். ஏறினார்கள். கல்லை எடுத்தார்கள்.

“ஹேண்ட் பிரேக்கை விடு.”

விட்டாள். வண்டி ஏறியது.