ஒன்றாம் சேனலில் அந்த வீடு

வாசலில் நின்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே கீத் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இன்னிக்குக் காலையில ஏலத்துல வாங்கின வீட்டைப் புதுப்பிச்சுக் காட்டற நிகழ்ச்சியில, கோல்ன்ல இருந்த அப்பா வீட்டைக் காட்டறாங்களாம். அந்தத் தெருக்காரர் ஒருத்தர் போன் பண்ணாரு. அப்பா பார்த்துடக் கூடாது."

"அப்போ நீயே வீட்டுல இருந்து பார்த்துக்கோ."

"கடையைத் திறக்கணும் ஜனீன். டி.வி. கெட்டுப்போச்சுன்னு ஏதாவது சொல்லு." சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போயே போய்விட்டான்.

ஜனீன் கதவைச் சாத்தினாள். முன்னறையில் மாமனார் வில்ஃப்ரெட் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிமோட் அவருடைய கம்பளிச் சட்டைப் பையில் இருந்தது. தூங்கும்போதுகூட அதை வெளியே எடுக்க மாட்டார். இடுப்பெலும்பு முறிந்து பர்ன்லியில் மகன் வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில் வேறு சேனல் ஓடியதில்லை. காலைச் செய்தியில் தொடங்கி, ராத்திரி செய்தி முடிந்து வானிலை சொல்கிறவள் கையை ஆட்டி விடைபெறும்வரை ஒன்றாம் சேனல்தான். நடுவில் வருகிற எல்லோரையும் திட்டுவார். செய்தி வாசிக்கிறவனின் டை, சமையல்காரியின் சிரிப்பு, வினாடி வினாவில் தோற்கிறவர்களின் ஊர், எதையும் விடமாட்டார். திட்டி முடித்ததும் மீதியிருப்பது ஜனீனுக்கு.

"இதுக்குப் பேர் டீயா? கோப்பையைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"கழுவின தண்ணிதான். குடிங்க வில்ஃப்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எல்லாப் பொறுப்பையும் மகன் கையில் எழுதிக்கொடுத்திருந்தார். கோல்னில் இருந்த அவருடைய வீட்டைக் கீத் ஏலத்தில் விற்றான். மூழ்கிக்கொண்டிருந்த அவனுடைய டைல்ஸ் கடை ஒருவழியாகத் தலைதூக்கியது. அப்பாவிடம் வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தனி ஆள், சுத்தமானவள் என்று அந்தப் பொய்க்குக் கையும் காலும் வைத்ததும் அவன்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வில்ஃப்ரெட் கேட்பார்: "டீச்சர் ரோஜாச் செடியை வெட்டிவிட்டாளா?" "வெட்டிட்டாங்கப்பா." ஜனீன் அப்போது உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்த மாட்டாள்.

காலைச் செய்தி முடிந்து, முதியவர்களை ஏமாற்றுகிறவர்களைப் பற்றிய நிகழ்ச்சி வந்தது. தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசிய ஒருவனிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு கிழவி அழுதுகொண்டிருந்தாள். வில்ஃப்ரெட் கெக்கலித்தார். "முட்டாள். பெத்த பிள்ளை ஒண்ணு ஒழுங்கா இருந்தா இப்படி ஆவாளா?"

ஜனீன் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்தது அந்த நிகழ்ச்சிதான்.

"குளிக்க வர்றீங்களா? தண்ணி சூடா இருக்கு."

"நேத்துதான் குளிச்சேன். நாத்தம் அடிக்குதுன்னா நேராச் சொல்லு மகாராணி."

அவள் டி.வி. பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பிடித்தாள். பிடுங்கினால் முடிந்தது. கிழவரின் குரல் முதுகில் விழுந்தது.

"என்ன பண்றே அங்க? என் மகன் வீட்டுல எனக்கு டி.வி.கூடக் கிடையாதா? அவன் வரட்டும் சொல்றேன். அவன் தங்கம். அவன் மட்டும் இல்லேன்னா நீ என்னை என்னிக்கோ தெருவுல விட்டிருப்பே."

ஒயரைப் பிடித்த கை அப்படியே நின்றது. இந்த மனிதரின் படுக்கைவிரிப்பை மாற்றியது அவள். கால் நகத்தை வெட்டிவிடுவது அவள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவன் தங்கம். அவள் நிமிர்ந்தாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட உட்காராத சோபாவில், அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி. பாருங்க. நானும் பார்க்கறேன்."

சிவப்புக் கோட்டுப் போட்ட தொகுப்பாளினி ஒரு சரிவான தெருவில் நடந்து வந்தாள். வில்ஃப்ரெட் முதலில் தெருவைத் திட்டத்தான் வாயெடுத்தார். பிறகு பச்சைக் கதவு வந்தது. அவள் உள்ளே போனாள். சுவர்க்காகிதத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். மாடிப்படிக் கம்பளத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். அவருடைய மனைவி எட்னா கடைசிக் காலத்தில் பிடித்து ஏற அவரே அடித்த கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "இதை முதல்ல கழட்டணும்" என்று சிரித்தாள். வீட்டை வாங்கிய இளம் ஜோடி சம்மட்டியோடு நின்றது. கணப்படுப்புச் சுவர் புழுதியாகக் கொட்டியது. கடைசியில் எல்லாம் வெள்ளையாக இருந்தது, பல் ஆஸ்பத்திரி மாதிரி. ரோஜா இருந்த இடத்தில் சிமென்ட் போட்டு ஒரு காரை நிறுத்தியிருந்தார்கள்.

கிழவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். குரலில் ஈரமே இல்லை.

"அவனா?"

"அவர்தான்."

"டீச்சர்?"

"அப்படி யாரும் இல்ல."

"உனக்குத் தெரியும்."

"தெரியும். வாயைத் திறக்கல."

"இப்ப மட்டும் ஏன் காட்டினே?"

"உங்க மேல இருந்த ஆத்திரம்தான்," என்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தாள். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. வரவில்லை.

பழம்பொருள் ஏலம் வந்தது. மதியச் செய்தி வந்தது. அவள் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஆடை படிந்து அது ஆறியது. டாக்டர்கள் தொடரில் யாரோ செத்தார்கள். வினாடி வினாவில் கேட்ட கேள்விகளுக்கு வழக்கமாகப் பெட்டியை முந்திக்கொண்டு கத்துகிறவர், பதில் தெரிந்தும் சும்மா இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அவளால் எழுந்து போக முடியவில்லை. தான் நினைத்த திருப்தி எங்கே போனது என்று தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்ததாகவே தோன்றவில்லை. ஒருமுறை அவருடைய கால்போர்வை நழுவியது. இழுத்துவிடக் கையை நீட்டினாள். "தொடாதே" என்றார். கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே மழை வலுத்தது. மாலைச் செய்தி முடிகிற நேரத்தில் தெருமுனையில் கீத்தின் வண்டிச் சத்தம் கேட்டது.

"கதவுச் சங்கிலியைப் போடு," என்றார் வில்ஃப்ரெட்.

"வில்ஃப்..."

"போடுன்னேன்."

இந்த வீட்டில் அவர் சொன்ன எதையும் அவள் முணுமுணுக்காமல் செய்ததில்லை. இப்போது எழுந்து போய்ச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். சாவி திரும்பியது. கதவு ஒரு சாண் திறந்து, வெடுக்கென்று நின்றது.

"ஜனீன்? என்ன இது? அப்பா, தூங்கறீங்களா?"

வில்ஃப்ரெட் பையிலிருந்து ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். வடக்கில் விடியும்வரை மழை நிற்காது என்று வானிலைக்காரி பெருங்குரலில் சொன்னாள். கதவிடுக்கில் நான்கு விரல்கள் நுழைந்தன. மழையில் நனைந்து வெளுத்திருந்த அவை, நிலைக்கட்டையைத் தடவித் தடவி, சங்கிலியின் முனையைத் தேடிக்கொண்டிருந்தன.