தவறவிட்டவர்களின் கவனத்திற்கு

காலை ஆறு நாற்பதுக்கு முதல் வெளியூர் வண்டி கிளம்பும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் ஒரு பெண் குரல் கேட்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று அது தொடங்கினால், ஊர்ப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் கண்டக்டர்கூட ஒரு நொடி வாயை மூடுவார். அதட்டாத, கெஞ்சாத குரல். வண்டியை விட்டுவிட்டு மூச்சிரைக்க நிற்பவனுக்குக்கூட, பரவாயில்லை, அடுத்தது வரும் என்று தோன்றும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை நிலையத்தில் எல்லோரும் மைக்கம்மா என்பார்கள். அவள் புருஷன் அங்கேயே டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம், தாமதமானால் அதற்குக் காரணம் என்று கட்டம் போட்ட பெரிய பதிவேடு அவர் மேசையில் எப்போதும் விரிந்து கிடக்கும். காரணக் கட்டத்தில் டயர், மழை, நெரிசல் இந்த மூன்றைத் தவிர எதையும் அவர் எழுதியதில்லை. வீட்டில் ஒரு பிரச்சினை என்று தலையைச் சொறியும் டிரைவர்களிடம், வீட்டுப் பிரச்சினையை வீட்டிலேயே இறக்கிவிட்டு வர வேண்டியதுதானே என்பார். அதனால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்று தெரியும். உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமைதான்.

மைக்கம்மா பிரசவ விடுப்பில் போகும் முன், ஏழாம் மாதத்தில், மூன்று நாள் உட்கார்ந்து எல்லா அறிவிப்புகளையும் பதிவு செய்து கொடுத்திருந்தாள். ஆள் வீட்டில், குரல் நிலையத்தில். "வீட்லயும் இதே குரல்தானா? குடுத்து வெச்ச ஆளுய்யா நீ" என்று மற்றவர்கள் கிண்டல் செய்யும்போது கடிகாரம் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். நாளுக்கு நூறு தடவையாவது பெண்டாட்டியின் குரலைக் காதாரக் கேட்கிற மனிதர் அவர். வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது. அவள் வீட்டில் பேச்சை நிறுத்தியதே அவருக்கு உறைக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. உதவிக்கு வந்திருந்தது அவருடைய அக்கா. மூன்று பிள்ளை வளர்த்த கை, வேலையில் கெட்டிக்காரி. மைக்கம்மா நேரம் தவறாமல் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், குளிப்பாட்டினாள். ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்க்க மாட்டாள். வேலை முடிந்ததும் கட்டிலின் விளிம்பில், எழுந்து போகப் போகிறவள் மாதிரி உட்காருவாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே விளிம்பு, அதே உட்கார்வு. தலைக்குச் சீப்பு பட்டு எத்தனை நாளோ. தட்டில் போட்ட சோறு போட்டபடி காயும். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் அவள் வாய்விட்டுச் சொல்லத்தான் செய்தாள், தனக்கு உள்ளே என்னமோ பண்ணுகிறது, பயமாக இருக்கிறது என்று. கடிகாரம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அக்காவைப் பார்த்தார். பெத்தவளுக்கெல்லாம் இருப்பதுதான், போகப் போகச் சரியாகிவிடும் என்றாள் அக்கா. அதுதானே என்று அவரும் செருப்பை மாட்டினார். தடுப்பூசி போட்ட நர்ஸ் குழந்தையை நிறுத்துப் பார்த்து, எடை நன்றாக ஏறியிருக்கிறது என்று சொன்னாள். அத்தோடு எல்லோருக்கும் நிம்மதி. பெற்றவள் பாதியாக இளைத்து எதிரே நின்றதை மூன்று பேரும் பார்த்தார்கள். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நேரத்தில் நிலையத்தில் புதிதாக ஏழாம் நடைமேடை திறந்தார்கள். அதற்கு இரண்டே இரண்டு வரி அறிவிப்பு தேவைப்பட்டது. ஒலிபெருக்கிக்காரர் மைக்கையும் ஒரு சின்னப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். எட்டு வருடமாக அவள் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர் அவர். அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஓர் எழுத்தும் தவறவில்லை, உச்சரிப்பில் குறை இல்லை. அவர் இன்னொரு தடவை என்றார். ஐந்து தடவை ஆயிற்று. ஆறாவது தடவை கேட்காமல் மைக்கை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, கடிகாரத்தை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது அவங்க பேசுற மாதிரியே இல்ல. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாரா இருந்தாலும் ஒரு மூச்சு எடுப்பாங்க. அவங்களுது எனக்குத் தனியாத் தெரியும். இன்னைக்கு மூச்சே எடுக்கல சார். உள்ள ஆள் இல்லாத மாதிரி இருக்கு."

களைப்பாக இருக்கும் என்றார் கடிகாரம்.

"வீட்ல பேசுறாங்களா? கடைசியா எப்ப உங்ககிட்ட பேசினாங்க?"

எந்த வண்டி எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் பிந்தியது என்று கேட்டால் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர் அவர். இதற்கு விடை கிடைக்கவில்லை. போன வாரமா, போன மாதமா? யோசிக்க யோசிக்க, காதில் விழுந்ததெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்ட வரிகள்தான். சொந்தப் பெண்டாட்டி தன்னிடம் சொன்ன ஒரு வார்த்தையும் நினைவுக்கு வராமல் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதாவது எழுந்து உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்போம் என்று விட்டார். மனிதர்கள் அப்படித்தான், வண்டிக்குத்தான் அவசரப்படுவார்கள்.

மறுநாள் காலை பத்தரை மணி. நடைமேடையில் ஒரு குழந்தை அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டு நின்றது. பழைய பதிவை ஓடவிட்டார்கள். "குழந்தையைத் தவறவிட்டவர்கள் உடனடியாக நேரக் காப்பாளர் அறைக்கு வரவும். உங்கள் குழந்தை பத்திரமாக இருக்கிறது. பயப்பட வேண்டாம்." எத்தனையோ தடவை கேட்ட அதே வரி. அன்றைக்கு முதல்முறையாக, வரிக்கு முன்னால் அவள் இழுத்த மூச்சு அவர் காதில் விழுந்தது. பயமாக இருக்கிறது என்று அவள் தன்னிடம் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேனாவை மூடாமல், பதிவேட்டில் பாதி வரியில் நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார். இருபது வருட வேலையில் அது முதல் தடவை.

வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். குழந்தை குளித்து, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் துணிகள் அளவு வாரியாக மடித்து அடுக்கியிருந்தன. தொட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பால் ஆறு மணி, தூக்கம் ஏழேகால், குளியல் ஒன்பது, சொட்டு மருந்து பத்து என்று அழகான கையெழுத்தில் ஒரு கால அட்டவணை. இனிமேல் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு எழுதி வைத்தது. அந்த வீட்டில் அட்டவணை படிக்கத் தெரிந்த ஆள் அவர்தான். படித்ததும் அவளைத் தேடித் திரும்பினார்.

அவள் கதவோரம் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் பை இல்லை.

"எங்க கிளம்பிட்ட?"

"தெரியலங்க. எங்கயாவது. நான் இல்லன்னா குழந்தை நல்லா இருக்கும்."

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். அவருக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. கீழே குனிந்து, அவள் காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பவும் மாட்டிவிட்டார். "வா, ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம். டாக்டர்கிட்ட" என்றார்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் வெளிறியது. மனநல டாக்டரா, நாலு பேருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிட மாட்டார்களா என்றாள். காலை உடைத்துக்கொண்டால் நாலு பேரைக் கேட்டுக்கொண்டா கட்டுப் போடுவோம் என்று தம்பி முதல்முறையாக அவளிடம் குரலை உயர்த்தினார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். பிரசவத்துக்குப் பிறகுதான் என்று கடிகாரம் முந்திக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா அவரைப் பார்க்கவே இல்லை. மைக்கம்மாவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் முள் இரண்டு நிமிடம் நகர்ந்தது.

"ஏழாம் மாசத்துல இருந்து" என்றாள் மைக்கம்மா. "பதிவு முடிச்ச அன்னைக்கு பாத்ரூம்ல போய் அழுதேன். ஏன்னு தெரியல. அப்புறம் நிக்கவே இல்ல."

இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, நோய் என்றாள் டாக்டரம்மா. கர்ப்பத்திலேயே தொடங்கும், பிரசவத்துக்குப் பிறகும் வரும். யாருடைய தப்பும் இல்லை. சிகிச்சை இருக்கிறது, குணமாகும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை உண்டு, தானாக நிறுத்தக் கூடாது. வாரம் ஒரு முறை வந்து பேச வேண்டும். நன்றாகத் தூங்க வேண்டும். இப்போதைக்கு ஒரு நிமிடம்கூட அவளைத் தனியாக விடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டாள். மைக்கம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதைக் கேட்கவும் ஒருத்தி இருந்தாளே என்பதுபோல் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

வெளியே பெஞ்சில் அக்கா தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ரெண்டாவது பொறந்தப்போ இப்படித்தான்டா தம்பி இருந்துச்சு. ஒரு வருஷம். வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருப்பேன். யாருமே கேக்கல. அதனாலதான் எல்லாருக்கும் இருக்கிறதுதான்னு நெனச்சிட்டேன்."

உடனே விடிந்துவிடவில்லை. முதல் மாத்திரை அவளுக்கு மந்தமாக இருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துச் சீப்பு எங்கே என்று கேட்டாள். அக்கா ஓடிப்போய் எடுத்து வந்தாள். மூன்றாம் மாதம் குழந்தையின் காது யாருடையது மாதிரி இருக்கிறது என்று உற்றுப் பார்த்தாள். இடையில் மறுபடி இரண்டு நாள் விளிம்பில் உட்கார்ந்ததும் உண்டு. குழந்தை முதன்முதலில் எப்போது சிரித்தது என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. அந்த மாதங்கள் போனது போனதுதான், யாரும் திருப்பித் தர முடியாது.

விடுப்பு முடிந்து வந்து அவள் ஏழாம் நடைமேடைக்கான இரண்டு வரியைப் பதிவு செய்தாள். ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போலத் தொடக்கத்தில் இருக்கும் மூச்சைச் சன்னமாக்கப் போனார். கடிகாரம் அவர் கையைப் பிடித்து, அது இருக்கட்டும் என்றார்.

"தொலைஞ்சு போனவங்களுக்கெல்லாம் இத்தனை வருஷமா நான்தான் அறிவிப்பு குடுத்தேன்" என்றாள் மைக்கம்மா, காகிதத்தை மடித்தபடி. "நான் தொலைஞ்சப்போ என் குரலைக் கேட்டுட்டு எல்லாரும் பேசாம இருந்துட்டீங்க."

கடிகாரம் பல நாள் அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

பிறகு ஒரு காலையில், ஆறு நாற்பது வண்டியின் டிரைவர் மிட்டாய்ப் பெட்டியோடு அவர் அறைக்குள் நுழைந்தான். பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம். அப்பாவான சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"அவ எப்படி இருக்கா?" என்றார் கடிகாரம்.

"சூப்பரா இருக்கு சார். நாலு கிலோ."

"குழந்தையக் கேக்கல. உன் சம்சாரத்தக் கேட்டேன்."

"அவ... நல்லாத்தான் இருப்பா சார். கொஞ்ச நாளா சரியாப் பேசுறதில்ல, அவ்வளவுதான். தூக்கமில்லல்ல."

கடிகாரம் மிட்டாயைக் கீழே வைத்தார். மணி ஆறு முப்பத்தொன்பது.

"இங்க பாரு. பிள்ளைய நிறுத்துப் பாக்க நூறு பேர் வருவாங்க. பெத்தவ எப்படி இருக்கான்னு நீதான் கேக்கணும். கேட்டா மட்டும் போதாது, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். பதில் வரலன்னா, போகப் போகச் சரியாயிடும்னு விட்டுடாத. அது நோய், அதுக்கு வைத்தியம் இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நான் கேக்காம இருந்தேன்டா. என் சம்சாரம் கதவு வரைக்கும் போயிட்டா. இப்பவே போன் பண்ணு."

"சார், வண்டி டைம் ஆச்சு."

"வண்டி நிக்கும். நீ பேசு."

டிரைவர் சுவரோரம் போய் நின்று போனைக் காதில் வைத்தான். முதலில் அவன் பேசினான். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க மட்டும் செய்தான். கேட்கக் கேட்க அவன் முகத்திலிருந்த மிட்டாய்ச் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னது கடிகாரத்தின் காதில் விழுந்தது. வெளியே ஒலிபெருக்கியில் மைக்கம்மா ஒரு மூச்சு எடுத்து, ஏழாம் நடைமேடைக்கு வண்டி வருவதை அறிவித்தாள்.

கடிகாரம் பதிவேட்டை இழுத்துக்கொண்டார். ஆறு நாற்பது வண்டி, புறப்பாடு ஆறு ஐம்பத்திரண்டு, தாமதம் பன்னிரண்டு நிமிடம். காரணக் கட்டத்துக்கு வந்ததும் ஒரு கணம் யோசித்தார். பிறகு மேலதிகாரிக்கும் தெளிவாகத் தெரியும்படி, நிதானமாக எழுதினார்: வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டதால்.