நிரம்பாத டப்பா

சரக்குக் கிடங்கின் முற்றத்தில் கிரேன் ஒரு கட்டு இரும்புக் குழாய்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, கட்டைச் சுற்றியிருந்த பட்டை அறுந்தது. குழாய்கள் தரையில் விழுந்து நாலாபக்கமும் உருண்டன. நல்லவேளையாக யார் தலையிலும் விழவில்லை. ஆனால் பழி விழ ஒரு தலை வேண்டுமே, அது கிரேன் ஓட்டுநரின் தலையில் விழுந்தது.

அவரை எல்லோரும் 'ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் கூண்டு வெகு உயரத்தில் இருந்தது. கழிப்பறைக்காக இறங்கி ஏறினால் வேலையும் கெடும், கண்காணிப்பாளரின் முகமும் கெடும். அதனால் காலையில் வாயை நனைத்துக்கொண்டு ஏறுகிறவர், மாலை வரை தண்ணீரைத் தொடமாட்டார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கண்காணிப்பாளர் ஓடிவந்து முதலில் செய்த காரியம், இறங்கி வந்தவரின் வாயருகே மூக்கை நீட்டியதுதான். வாடை எதுவும் இல்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் கூடியது.

"வாடையே வராத சரக்கெல்லாம் இப்ப வந்துருச்சு. இந்த டப்பால ஒன்னுக்குப் போய்க் குடு, சோதனைக்கு அனுப்பணும். குடுக்கலைன்னா தப்ப ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். வேலை போயிடும், சொல்லிட்டேன்."

கழிப்பறைக் கதவைச் சாத்தவும் அவர் விடவில்லை. "சாத்துனா குழாய்த் தண்ணியப் பிடிச்சு வச்சிருவ" என்று வாசலிலேயே நின்றார். முதுகை இரண்டு கண்கள் துளைத்துக்கொண்டிருக்க, வேலை போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ள, ஓட்டுநருக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

"தண்ணி குடி, தானா வரும்."

ஓட்டுநர் குடித்தார். ஒரு சொம்பு முடிந்ததும் அடுத்தது வந்தது. வயிறு உப்பியது, டப்பா நிரம்பவில்லை. கண்காணிப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் குடி" என்றார்.

கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன் ஓட்டுநரின் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் பக்கத்தில் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. ஏதாவது போட்டீங்களா? அக்காகிட்ட சொல்லமாட்டேன்."

ஓட்டுநர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சொம்பைத் தானாகவே எடுத்து, ஒரே மூச்சில் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றார். பிறகு வாந்தி எடுத்தார். எழுந்து நின்றபோது கால் தள்ளாடியது, நாக்கு குழறியது.

"பாத்தியா, இப்பத்தான் ஏறுது" என்றார் கண்காணிப்பாளர். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஓட்டுநர் தரையில் விழுந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

மச்சினன் அலறிக்கொண்டு அவரை வண்டியில் ஏற்றினான். டப்பாவை வேறு யாராவது நிரப்பிவிடுவார்களோ என்று, அதைக் கையில் பிடித்தபடி கண்காணிப்பாளரும் கூடவே ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் குழாய் போட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். ரத்தத்தையும் சோதித்தார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மதுவும் இல்ல, போதையும் இல்ல. ரத்தத்துல உப்புதான் ரொம்ப இறங்கிப் போச்சு. இவ்வளவு தண்ணிய யார் குடிக்க வச்சது?"

காலையிலிருந்து நடந்ததையெல்லாம் மச்சினன் சொன்னான்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா, 'வெளிய விடாதே'ன்னு மூளை சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். மனுஷன் பயந்து போயிருந்தாலும் அதே உத்தரவுதான். இவர் காலைலேர்ந்து குடிக்கவும் இல்ல, பயந்தும் இருக்கார். அந்த நேரத்துல நீங்க ஊத்தின தண்ணி எங்க போகும்? ரத்தத்துல இருந்த உப்பு நீர்த்துப் போச்சு, மூளை வீங்கிடுச்சு. அதான் குடிச்சவர் மாதிரி தள்ளாடியிருக்கார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சே நின்னுருக்கும்."

அதாவது, எந்தத் தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்கக் கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்தாரோ, அதை உண்டாக்கியதே அவர்தான்.

உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மறுநாள் ஓட்டுநர் கண் விழித்து ஆட்களை அடையாளம் கண்டார். கண்காணிப்பாளர் காலி டப்பாவைக் கையில் உருட்டியபடி கட்டிலருகே நின்றார்.

"பட்டை ஏற்கெனவே நைஞ்சிருந்துச்சு. அதைப் பாக்க வேண்டியது நான். பாக்கல. என் தப்பு வெளிய வந்துருமோன்னுதான் உன் வாயை மோந்தேன். மன்னிச்சுடுப்பா."

ஓட்டுநர் அவரைப் பார்க்கவில்லை. மச்சினனைத்தான் பார்த்தார்.

"குடிச்ச தண்ணியெல்லாம் வெளிய போயிருச்சு மாப்ள. நீ கேட்ட கேள்விதான் இன்னும் உள்ளயே நிக்குது."

மச்சினன் அழுதுவிட்டான். கண்காணிப்பாளர் டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அந்தக் கேள்விய அவன் வாயில வச்சதே நான்தான். இனிமே நீ நேரத்துக்கு இறங்கி வா, தாகத்துக்குக் குடி, போக வேண்டிய இடத்துக்குப் போ, உன்னை ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. ஒரு மனுஷன் தள்ளாடுனா 'குடிச்சியா'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி 'உடம்புக்கு என்னப்பா'ன்னு கேக்கணும். அந்த ஒரு வார்த்தைய நான் கேக்காததுக்கு, உன் உசுரையே விலையாக் கேட்டுட்டேன்."