பதினோரு பேருக்குப் பலாவ்

பெருநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் தங்கை புருஷன் தாயப், "மச்சான் ஓட்டுற பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துல நடந்தே லம்பாசா டவுனுக்குப் போயிடலாம்" என்றதும், ஜைனுல் பாதித் தட்டு ஆட்டுக்கறியை அப்படியே விட்டு எழுந்தார்.

"அல்லாஹ் மேல சத்தியம்! இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்!"

அவமானம் இரண்டே நாளில் ஆறிவிட்டது. விட்டுவந்த கறிதான் ஆறவில்லை. ஆனாலும் ஐம்பது வயது ஆளுக்கு வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! ஏழு வாரம் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பியதில்தான் ஒருநாள் படுத்திருந்த நாயின் வாலை மிதித்தார். செருப்பை உதறிவிட்டு ஓடியவர் வந்து நின்ற இடம் தாயப் வீட்டு வராந்தா. தங்கை நஸ்பன் அவரை உள்ளே உட்காரவைத்து டீயும் அல்வாவும் கொடுத்தாள்.

மறுநாள் மௌலவியிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"நாய் துரத்தித்தான் ஏறினேன் ஹஸ்ரத். சத்தியம் முறிஞ்சதா ஆகாதுல்ல?"

"நாயை விடுங்க. அது வராந்தாவோட நின்னுடுச்சு. உள்ள போய் அல்வா தின்னச் சொன்னதும் அதுதானா? எத்தனை துண்டு?"

"மூணு."

"பத்து ஏழைக்கு ரெண்டு வேளை வயிறாரச் சோறு போடுங்க. அதுதான் பரிகாரம்."

"மூணு நாள் நோன்பு வச்சிடறேனே?"

"அது வசதி இல்லாதவங்களுக்கு. உங்களுக்குச் சம்பளமும் இருக்கு, தொப்பையும் இருக்கு." பிறகு குரலைத் தணித்தார். "இது அல்லாஹ்வுக்கு. தாயப்கிட்ட நீங்கதான் மன்னிப்புக் கேக்கணும்."

மன்னிப்புக் கேட்பதைவிட ஏழையைத் தேடுவது சுலபம் என்று கிளம்பினார் ஜைனுல். முதலில் தையல்காரர் ரஜ்ஜாக்.

"நான் ஏழையா? உன் காலர் கிழிஞ்சிருக்கு, கழட்டு. சும்மாவே தச்சுத் தர்றேன்!"

கடைசியில் சர்க்கரை ஆலைக்குப் பின்னால், கரும்பு வெட்டுகிறவர்களின் கொட்டகைக்குப் போனார். இரண்டு வாரமாக மழை. வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. உப்பில்லாத மரவள்ளியை அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பதினோரு பேர். யாரை விடுவது? விட்டுவந்த ஆட்டுக்கறிக்காக ஏழு வாரம் ஏங்கியதை நினைத்து அவருக்கே கூசியது.

பெரிய அண்டா தாயப் வீட்டில்தான் இருந்தது. "மன்னிச்சுடு மாப்ள" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "அண்டா இருக்கா?" என்றுதான் வந்தது. வெங்காயம் நறுக்கும்போது, கண்ணீருக்கு ஒரு சாக்குக் கிடைத்த பிறகே, மற்றதும் வந்தது.

"நானும் சபையில சொல்லியிருக்கக் கூடாது மச்சான்" என்றான் தாயப். "பஸ் மெதுவாப் போறது உண்மைதான், இருந்தாலும்..."

அன்று மதியமும் சாயங்காலமும் கொட்டகையில் ஆட்டுக்கறி போட்ட பலாவ் சோறு. "என்ன விசேஷம் பாய்?" என்று ஒரு கிழவர் கேட்டார். ஜைனுல் நாய் முதல் அல்வா வரை ஒன்றையும் மறைக்கவில்லை. கொட்டகையே சிரித்தது.

"மழை விடற வரைக்கும் தினம் ஒரு சத்தியத்தை முறிங்க பாய்!"

மறுநாளும் மழை. எந்தச் சத்தியமும் முறியாமலே ஜைனுலும் தாயப்பும் அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள்.