ஈரம் காயாத தட்டு

கொத்தனார் வீட்டில் நாலு நாளாக என்ன நடக்கிறது என்று தெருவில் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசற்கதவு திறந்தே கிடக்கிறது. பால் வாங்கப் போகிற சாக்கில் ஆளுக்கு ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எத்தனையோ மாடிக் கட்டடங்களைப் பூசித் தள்ளிய மனுஷன், தரையில் பழைய போர்வையை விரித்து, அகலத் தட்டு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, மூன்றரை வயது மகளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

குழந்தை ஈரமான எதையும் தொடாது. ஸ்பூனைக் கொடுத்தால் பிடிக்கும். ஒரு சொட்டு விரலில் பட்டுவிட்டால் போதும், ஸ்பூன் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அம்மாக்காரி ஊட்டி ஊட்டித்தான் இத்தனை நாளும் ஓடியது. அவளோ திங்கட்கிழமை மருந்துக்கடை வேலைக்குத் திரும்புகிறாள். மழலையர் பள்ளி டீச்சர், "ஊட்டிவிட எங்ககிட்ட ஆள் இல்லைங்க. தானா சாப்பிட்டாத்தான் சேர்த்துக்குவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று ஒரு தாளைக் கொடுத்தனுப்பினாள். கையை அழுக்காக்கி விளையாடினால் கூச்சம் போய்விடுமாம். ஈர மணல், சோப்பு நுரை, கலர் போட்ட மாவுக் கூழ் என்று வரிசையாக எழுதியிருந்தது.

மேஸ்திரியிடம் முதுகுவலி என்று புளுகிவிட்டுக் கொத்தனார் வீட்டோடு உட்கார்ந்தார். மணலுக்கும் நுரைக்கும் மகள் மசியவில்லை. ஞாயிறு மத்தியானம் கூழின் முறை. கட்டி தட்டாமல் கலக்கித் தட்டில் ஊற்றியவர், பழக்கதோஷம், ஓரத்தை விரலால் வழித்து, ஒரு அட்டையை எடுத்து ஒரே இழுப்பில் மட்டம் பண்ணிவிட்டார். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"விளையாட்டுக் காட்டச் சொன்னா சுவர் பூசுறீங்க" என்றாள் மனைவி.

"திட்டும் திடலுமா இருந்தா குழந்தை எப்படித் தொடும்? நீ பேசாம இரு."

"இப்ப மட்டும் தொட்டுட்டாளாக்கும்."

குழந்தை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு விரலும்மா. என் தங்கம்ல?"

"இன்னும் காயலப்பா."

"என்னது?"

"காஞ்சதும் தொடுறேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றும் போனது. "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள்.

போன வருஷம் சமையலறைச் சுவரைப் புதிதாகப் பூசினபோது, குழந்தை ஆசையாகப் போய் ஐந்து விரலையும் பதித்துவிட்டது. காயற வரைக்கும் எவளாவது கை வெச்சா தோலை உரிச்சிடுவேன் என்று இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் தூங்கினவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதோடு விட்டாரா? ஒரே அதட்டுதான், பொண்ணு அப்புறம் சுவர்ப் பக்கமே வரலை என்று டீக்கடையில் ஒரு வாரம் பெருமை வேறு.

இப்போது அந்தப் பெருமை எங்கே போனதோ. மனுஷன் இரண்டு கையையும் அப்படியே கூழில் விட்டார். பிசைந்தார். கன்னத்தில் அப்பிக்கொண்டார், தரையில் தேய்த்தார். "பாரு, அப்பாவே தொட்டுட்டேன். ஒண்ணும் ஆகலை பாரு."

குழந்தையின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய், ஈரம் படாத நுனியாகப் பார்த்து அட்டையைப் பிடித்து அவரிடம் நீட்டியது.

"சரி பண்ணுப்பா. திட்டுவாங்க."

"யாரும்மா திட்டுவாங்க?"

இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தது. "நீதான்."

"நான் திட்ட மாட்டேன்மா" என்றார். தேனாகத்தான் சொல்ல நினைத்தார். சாரத்தின் மேலே நின்று கீழே இருப்பவனிடம் கலவை கேட்டுக் கேட்டு முறுக்கேறிய தொண்டை அது, மிரட்டல் மாதிரி வந்து விழுந்தது. குழந்தை இரண்டடி பின்னால் போனது. இன்னும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

மனைவி கிண்ணத்தோடு வந்தாள். "மணி ரெண்டாச்சு. ஊட்டிடவா?"

"நாளைக்கு யாரு ஊட்டுவா?"

அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? கிண்ணத்தைக் கலக்கினாள்.

கொத்தனார் அட்டையை வாங்கி, சிந்தினதையெல்லாம் வழித்துத் தட்டில் சேர்த்தார். ஓரம் கட்டினார். மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். பள்ளம் மேடு எல்லாம் மறைந்தது. குழந்தை நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, தோள் உரசாத தூரத்தில்.

"இப்ப நல்லா இருக்குப்பா."

அம்மா நீட்டிய ஒவ்வொரு வாய்க்கும் ஆவென்று திறந்தது, கண் மட்டும் தட்டிலேயே இருந்தது. அவர் கையில் ஒட்டின கூழ் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"எப்பப்பா காயும்?"

"நாளைக்கும்மா" என்றார் கொத்தனார். "நாளைக்குக் காஞ்சிரும்."