அகல டயர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று காலை மறுபடியும் திருகாணி கீழே விழுந்தது. எள்ளைவிடச் சின்னது. அவன் மண்டியிட்டுத் தரையைத் தடவினான்.

"ராத்திரி தூங்கலையாப்பா?" என்றார் முதலாளி.

சிரித்து மழுப்பினான். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் விரல்நுனியில் நடுக்கம் ஆரம்பித்தது. கடைசியில் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று.

வீட்டில் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி ஊசியில் நூல் கோக்கச் சொன்னபோது பயந்துகொண்டே வாங்கினான். நூல் சட்டென்று உள்ளே போனது. "இன்னைக்கு நடுங்கல!" என்று உளறிவிட்டான்.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கொஞ்ச நேரம் அவன் கையை விடவே இல்லை.

"எப்ப நடுங்குது?"

"கடைக்குப் போனதும். மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

அவள் நேரே வாசலுக்குப் போய்ச் சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தாள். கடைக்குப் போகும் ரோட்டைத் தோண்டி ஜல்லி கொட்டிய பிறகும், வேகம் குறையக் கூடாதென்று அவன் அந்த ஒல்லி டயரில் காற்றை முட்ட முட்ட அடித்துவைத்திருந்தான்.

"இது டயரா, இரும்புக் கம்பியா? ஜல்லி மேல இத ஓட்டினா பல்லே ஆடும், கை ஆடாதா? டாக்டரையும் பாத்துடலாம். மொதல்ல இத மாத்துங்க."

டயர் கடையில் முள்முள்ளாக இருந்த ஒன்றை அவன் ஆசையாகத் தூக்கினான்.

"மலை ஏறவா போறீங்க?" என்றாள் அவள்.

"அது சேத்துக்குத்தான் சரி. தார் ரோட்டுல உர்ருன்னு இழுக்கும்" என்ற கடைக்காரர், வழவழப்பான அகல டயர் ஒன்றை எடுத்துப்போட்டார். "உங்க சைக்கிளுக்கு இதுக்கு மேல அகலம் நுழையாது. காத்த கொஞ்சம் கம்மியா வெச்சுக்குங்க."

"வேகம் போயிடுமே?"

"போகட்டும், கை இருக்கும்ல" என்றாள் மனைவி.

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இடுக்கியை எடுத்தான். இருப்பதிலேயே சின்னத் திருகாணியைக் கவ்வினான். அது அசையாமல் நின்று, சமர்த்தாகக் கண்ணாடியின் மூட்டுக்குள் இறங்கியது. அவசரமில்லாத கண்ணாடிகளையும் இழுத்துப் போட்டு இறுக்கினான். "என்னப்பா, இன்னைக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று முதலாளி கேட்ட பிறகுதான் தான் பாடிக்கொண்டிருப்பதே தெரிந்தது.

சாயங்காலம், தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில் மனைவி நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். உடனே ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"குடுங்க, நானும் ஓட்டிப் பாக்குறேன்."

வாங்கிக்கொண்டு பறந்தாள். சக்கரத்தடியில் கற்கள் இருபுறமும் தெறித்தன.

"ஏய், பள்ளம்! பள்ளம்!" என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் ஓடினான்.

அவள் வேண்டுமென்றே அதில் இறங்கினாள். ஒரு கணம் வெறும் புழுதிதான் தெரிந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அவள் தலை குலுங்கிக் குலுங்கி மேலே வந்தது, அடுத்த பள்ளத்தை நோக்கி.