பதினோராம் அறையின் ஐந்தாவது ஆள்

நாரணாபுரத்துக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில், பதினோராம் அறையைக் காட்டும் கண்ணாடி சென்ற ஆடி முதல் நாளிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக் காட்டுகிறது. அங்கே ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரிலேயே ‘ஆட்கள் 4’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். போர்மேன் பாலகுரு அறை அறையாக ஏறி இறங்க முடியாமல், பழைய வேனின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வாசலுக்கு எதிரே கம்பத்தில் கட்டியிருந்தார். வளைந்த கண்ணாடி என்பதால் முழு அறையும் உள்ளங்கை அளவில் அதில் அடங்கிவிடும். அன்று காலை ஒன்பதரைக்கு, சிலர் பத்து என்கிறார்கள், அவர் எண்ணியபோது ஐந்து தலைகள் இருந்தன. உள்ளே போய் எண்ணினார். நாலு.

“கண்ணாடிக்குச் சாளேசுரம் வந்திருச்சு அண்ணாச்சி, அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க” என்றாள் அந்த நாலு பேரில் ஒருத்தியான செல்லத்தாய்.

பாலகுரு சிரிக்கவில்லை. சிவகாசியிலிருந்து தட்டைக் கண்ணாடி ஒன்று வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார். அதிலும் ஐந்து. வாசலில் இருந்த தீயணைப்புத் தொட்டித் தண்ணீரில் பார்த்தார். உருவங்கள் நெளிந்தன, எண்ணிக்கை மாறவில்லை. வாசலுக்கு எட்டாத மூலையில் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி குனிந்து திரி செருகிக்கொண்டிருந்தாள்.

யார் என்று எல்லோருக்கும் தெரியும். பங்குனியில் அந்த அறையில் வெடிமருந்து தீப்பற்றியபோது நாலு பேர் வெளியே ஓடிவந்தார்கள். மூலையில் இருந்த பொன்மணி வரவில்லை. ஆர்டர் நெருக்கடியில் ஐந்தாவதாக உட்காரவைக்கப்பட்டவள் அவள். வருகைப் பதிவேட்டில் நாலு பெயர்தான் இருந்தது. வீட்டு அடுப்படியில் கருகினாள் என்று எழுதி முடித்தார்கள். தப்பியவர்களில் ஒருத்தி வேலையை விட்டு நின்ற இடத்தில், பொன்மணியின் தங்கை பாண்டிச்செல்வி அடுத்த மாதமே அதே அறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆவணியில் அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் பாலகுரு வாசலில் வந்து நின்றார்.

“ஏத்தா பாண்டிச்செல்வி, நீ அங்கன வேப்பமரத்தடியில போயி இரு. கண்ணாடியில நாலு தெரியணும்.”

“நான் எதுக்குப் போகணும்? என் பேரு இருக்கு. பேரு இல்லாதவளப் போகச் சொல்லுங்க.”

“நான் சொன்னா அவ கேப்பாளா?”

“பேரு எழுதுனாத்தான கூப்பிட முடியும்? பங்குனிப் பக்கத்துல எழுதுங்க அண்ணாச்சி. இங்கனதான் இருந்தாள்னு எழுதுங்க. இன்னைக்கும் எழுதுங்க.”

பாலகுரு கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பிறகு பதிவேட்டை முழங்காலில் வைத்து இரண்டு இடத்திலும் எழுதினார். அறையைப் பார்த்து, “பொன்மணி, வெளிய வாத்தா” என்று கூப்பிட்டார். கண்ணாடியில் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

பாண்டிச்செல்விதான் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மருந்துப் பொடியைத் தட்டிவிட்டு, “இப்ப நாலு சரியா இருக்கு” என்று சொல்லி வெளியேறினாள். இப்போது பெட்டி ஒட்டும் கொட்டகையில் இருக்கிறாள். அங்கே கூலி குறைவு.

அதிகாரிகள் கண்ணாடியில் நாலு எண்ணிக் குறித்துக்கொண்டு போனார்கள். பங்குனிப் பக்கத்தை அவர்கள் புரட்டவில்லை. மறுநாள் முதல் பதினோராம் அறைக்கு பாலகுரு நாலு பெயர் வாசிக்கிறார். மூன்று பேர் குரல் கொடுக்கிறார்கள். பொன்மணியின் பெயருக்கு மட்டும் கம்பத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு டிக் போடுகிறார்.